சாய்ப்பில் வைத்திருந்த வித்து

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ போன பிறகு எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோதும் எழுதியதில்லை. அடுத்த வீட்டில் இருப்பவளுக்கு யார் கடிதம் போடுவார்கள்?

இங்கே எல்லாரும் சுகம். பாறசாலையில் பைப்புக் கடையைத் திறக்கிறேன், கேட்டதை எடுத்துக் கொடுக்கிறேன், சாயங்காலம் சாத்துகிறேன். சாப்பாடு இறங்குகிறது. தூக்கமும் வருகிறது. அழுகைதான் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று உறவில் பேச்சு. பேசட்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் ஊதாக் காச்சில் கிழங்கு போயிற்று. வெட்டிக் கறிவைத்துத் தின்றுவிட்டோம்.

உன் பதினாறாம் நாள் அன்று நடந்தது. நினைத்ததைவிட ஆள் கூடிவிட்டது. நீ தாவரவியல் படிப்பித்த பள்ளிக்கூடத்திலிருந்தும், நீ பேசப்போன வாசகசாலைகளிலிருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். அடுக்களையிலிருந்து சித்தி வந்து, “மக்கா, கறி திகையாது, பாதி ஆளுக்குக்கூட வராது. கெழங்கு வல்லதும் உண்டா?” என்று கேட்டாள்.

“சாய்ப்பில உண்டு. எடுத்துக்கோ” என்றேன்.

உன் வீட்டுப் பின்பக்கம் கூரை இறக்கிய சாய்ப்பில், சாம்பல் பூசி, வைக்கோல் மேல் நீ அடுக்கி வைத்திருந்தவை. மாசியில் நடுவதற்கான வித்து என்று எனக்குத் தெரியும். மலையடிவாரத்துக் குடும்பம் ஒன்றிடம் கெஞ்சி வாங்கி, நம் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை என்று நீ பெருமையடித்துக்கொண்ட கிழங்கு. எல்லாம் தெரியும். ஆனால் அந்த நேரம் எதுவும் என் தலையில் ஏறவில்லை. உன் வீட்டுக் கதவைக் கேட்டிருந்தாலும் கழற்றிக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றேன். நல்ல ருசி. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

உன் பேச்சுகளில் வரும் ரஷ்யாக்காரர்கள் நினைவுக்கு வந்தது கை கழுவும்போதுதான். அவர்கள் பெயரெல்லாம் என் வாயில் என்றைக்கு நுழைந்தது? கதைகள் மட்டும் மனப்பாடம். அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று நீ பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசப்போன இடத்துக்கெல்லாம் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டவன் நானல்லவா. உலகமெல்லாம் அலைந்து வித்து சேர்த்தார் ஒருவர். அவரை அவர் நாட்டு அரசே சிறையில் போட்டது. அங்கே பட்டினியில் வாடிச் செத்தார். அவர் சேர்த்த வித்துகளுக்குக் காவல் இருந்தவர்கள், போரில் நகரம் முற்றுகையில் கிடந்தபோது, நெல்லும் கடலையும் பக்கத்திலேயே இருந்தும் அதைத் தொடாமல் பசியில் செத்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, நீங்களானால் தின்பீர்களா என்று கூட்டத்தைக் கேட்பாய். பின்வரிசையிலிருந்து நான் மட்டும் தின்பேன் என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஒருமுறை வண்டியில் திரும்பும்போது சொன்னாய்: “எலே, நீ தின்னுருவன்னு எனக்குத் தெரியும். அதாக்கும் உங்கிட்ட வித்து ஒண்ணும் தராதது.”

அவர்கள் பசித்தும் தின்னவில்லை. எனக்கு அன்று பசிகூட இல்லை, அக்கா.

போன வாரம் ஸ்டெல்லா வந்தாள். வாழை போடுகிறவள், உன் பேச்சென்றால் முன்வரிசையில் வந்து உட்காருவாளே, அவள்தான். இந்த மாசிக்கு அவளுக்கும் ஒரு காச்சில் தருவதாகச் சொல்லியிருந்தாயாமே. குழியெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். தின்றாயிற்று என்றேன். அவளும் அன்று பந்தியில் இருந்தவள். குழியை மூடிவிடேன் என்றேன்.

“மூட வேண்டாம் அண்ணா. ஒரு ரஷ்யாக்காரன் கட்டம் போட்டு, தெரியாத எடத்தை வெறுமையா விட்டான்னு அக்கா சொல்லுவாள்லியா? அதுபோலக் கெடக்கட்டு” என்றாள்.

அதுவும் உன் கதைதான். தனிமங்களையெல்லாம் அட்டவணையாக அடுக்கியவர். சில கட்டங்களில் வைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அதற்காக நெருக்கி அடைத்துவிடாமல், இங்கே வரப்போவது இன்ன குணமுள்ளது என்று சொல்லிக் காலியாக விட்டாராம். பிறகு வேறு ஆட்கள் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். நான் பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டது. அவளுக்கு அது மனதில் நின்றிருக்கிறது.

அவள் போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உன் தோட்டத்துக்குப் போனேன். போன வருஷம் நீ நட்ட இடத்திலேயே குழி வெட்டினேன். சாம்பலும் சருகும் போட்டேன். வைக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அதற்கும் ஓர் இடம் விட்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு மலையடிவாரத்துக்குப் போகிறேன். உனக்கு அந்தக் கிழங்கு கொடுத்த குடும்பத்தின் பெயரை நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இன்னும் வைத்திருப்பார்களா, அவர்களும் தின்று தீர்த்திருப்பார்களா? கிடைத்தால் முதல் துண்டு ஸ்டெல்லாவுக்கு, அடுத்தது உன் குழிக்கு. அதன் பிறகு எந்தப் பந்தியில் கறி திகையாவிட்டாலும், யார் வந்து கேட்டாலும், சாய்ப்பில் ஒன்றும் இல்லை என்றே சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்ற
உன் தம்பி