மலையிலிருந்து தெரிந்த மாடி

14 பிப்ரவரி 1932, ஆம்பூர்

நோன்பு முடிந்தது. ஷபீ அஹமது மறுபடி என்னோடு ஊர்சுற்ற வருகிறான். இன்று சைக்கிளில் பள்ளிகொண்டா வரை போனோம். கேமராவில் பழைய மூக்குக்கண்ணாடிச் சில்லைப் பொருத்திக் கோபுரத்தை எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி இருக்கிறது.

"பசங்களுக்குச் சித்திரம் சொல்லித் தர்ற வாத்தியாருக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்று சிரித்தான். ஆனாலும் அவன் அப்பாவின் தோல் ஷாப்பில் கிடந்த, தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் உடைந்த துர்பீன் ஒன்றை எனக்காகக் கொண்டுவந்திருந்தான். அதன் முன்கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

21 பிப்ரவரி

துர்பீன் கண்ணாடியைக் கேமராவில் பொருத்த அட்டைக்குழாய் மூன்று முறை செய்து மூன்றும் பாழ்.

28 பிப்ரவரி

நான்காவது குழாய் நின்றது. ஷபீக்கு ஷாப்பில் வேலை. தனியாக மலையேறினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் ஊரே தலைகீழாக, மங்கலாக. மசூதி மினாரா ஒன்றையே குறிவைத்துத் திருகினேன். படம் பதியும் கண்ணாடி பிளேட்டு ஒரே ஒன்றுதான் மிச்சமிருந்தது.

1 மார்ச்

எனக்குத் தலைகால் புரியவில்லை! மினாராவின் உச்சிப் பிறை தெரிகிறது. கொடியில் தொங்கும் துணியின் மடிப்பு தெரிகிறது. ஒரு மாடியில் யாரோ ஒரு பெண் முக்காடில்லாமல் தலை உலர்த்துகிறாள், கூந்தல் இழை இழையாக. அதுவும் அரை மைலுக்கு அப்பாலிருந்து.

3 மார்ச்

எழுதவே கூசுகிறது. டீக்கடையில் நாலு பேர் நடுவே படத்தைக் காட்டினேன். நம் கூட்டாளி ரஃபி அகமது, "யாரு தோஸ்த் இது? ஜாஸ்தி அழகா இருக்கே" என்றான். ஷபீ வாங்கிப் பார்த்தான். மேசையில் கவிழ்த்து வைத்தான். அதைப் பார்த்ததுமே ரஃபியின் சிரிப்பு அடங்கிவிட்டது.

வெளியே வந்ததும் ஷபீ சொன்னான். "என் தங்கச்சி. ஜஹீருன்னிசா."

பத்து வருஷமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறேன். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டிருக்கிறேன். முகம் பார்த்ததில்லை. எனக்கு எப்படித் தெரியும்? — சரி, தெரியாத பெண் என்றால் மட்டும் டீக்கடையில் காட்டலாமா?

"பிளேட்ட ஒடைச்சுடு தானியேல்," என்று மட்டும் கேட்டான். படத்தை மடித்து எடுத்துப் போய்விட்டான்.

6 மார்ச்

"ஒடைச்சிட்டேன்" என்று ஷபீயிடம் சொல்லியாயிற்று. பொய். பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. இப்படி ஒன்று இனி எனக்கு வராது. சீ, இன்னா மனுசன் நான்?

20 மார்ச்

இரண்டு ஞாயிறாக ஷபீ வரவில்லை. கடைத்தெருவில் பார்த்தேன். சலாம் சொன்னான், நின்று பேசவில்லை.

27 மார்ச்

ஈஸ்டர். வருஷம் தவறாமல் சாப்பாட்டுக்கு வருகிறவன் இன்று வரவில்லை. அவனுக்கென்று எடுத்து வைத்த கறி அப்படியே இருந்தது. பிளேட்டைக் கொல்லைக் கல்லில் போட்டு உடைத்தேன். உடைத்ததை யாரிடம் போய்ச் சொல்ல? மூன்று வாரம் முன்பே உடைத்தவனாயிற்றே.

3 ஏப்ரல்

மலை. பழைய லென்ஸ்தான். துர்பீன் கண்ணாடியை எடுத்துப் போகவில்லை, ஆனாலும் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ஷபீ வீட்டு மாடியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கீற்றுத் தட்டி. அந்த வரிசையில் ஏழு வீடு. ஏழு மாடியிலும் தட்டி. வாத்தியார் மலைமேலிருந்து துர்பீன் வைத்துப் பார்க்கிறார் என்று ஊருக்குள் பேச்சாம். ஒரு படமும் எடுக்காமல் இறங்கிவிட்டேன்.

10 ஏப்ரல்

என் மனைவி அமிர்தவள்ளி ஷபீயின் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். பெண்கள் கட்டுக்குள் அவள் போகலாம். என்னைக் கட்டியவள் என்பதற்காக அவளிடம் யாரும் முகம் சுளிக்கவில்லையாம். அதுவே என்னைச் சுட்டது.

"ஏங்க, கெளம்பறப்ப அந்தப் பொண்ணு என்னைத் தனியா கூப்ட்டுச்சு."

திட்டினாளா என்று கேட்டேன்.

"இல்லீங்க. அண்ணன் படத்தைக் காட்டாமலே அடுப்புல போட்டுட்டாராம். அந்தப் பொண்ணு இதுவரைக்கும் படமே புடிச்சிக்கிட்டதில்ல. 'நான் அதுல எப்பிடிக்கா இருந்தேன், உங்க வூட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லுங்க'ன்னுச்சு. நாளைக்குப் போறேன். இன்னா சொல்லட்டும்?"

படத்தை நினைத்துப் பார்த்தேன். பிறை நினைவிருக்கிறது. துணி மடிப்பு நினைவிருக்கிறது. கூந்தலின் இழைகூட. அவள் முகமும் படத்தில் இருந்தது; நான்தான் அதைப் பார்க்கவேயில்லை.

நன்றாக இருந்தாள் என்று சொல்லச் சொன்னேன்.