ஆற்றங்கரையில் தீர்ந்த குண்டு வழக்கு

நீலவரை நாடாளும் பெருந்தேவியார் கொன்றைமாலையாரின் ஆணை தாங்கிய அமைச்சன் விழுப்பரையன், ஈயம் விளையும் காரிமலைச் சீமையைக் குறைவறக் காத்துவரும் தலைவர் பொற்சாத்தனார்க்கு வரையும் ஓலை. தங்கள் மலையில் மழை தவறாதிருக்க. தங்கள் உலையில் நெருப்பும் மனையில் சிரிப்பும் அணையாதிருக்க. இங்கே தேவியாரும் குடிபடைகளும் நலம்.

எல்லைக்கோட்டையின் துப்பாக்கிப் படைக்கு எவ்வகைக் குண்டு வார்ப்பதென்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். மழை இறங்கிவிட்டால் தங்கள் உலைகளை மறுபடி மூட்டத் தை பிறக்கவேண்டும். பகைவராகிய வேள்நாட்டார் ஆற்றின் அக்கரையில் பாளையம் இறங்கியிருக்க, உதவாத குண்டோடு அதுவரை காத்திருந்தால் கோட்டை நம் கையில் நில்லாது. ஆகவே தேவியார் அடியேனையே அங்கு அனுப்பினார்.

கோட்டையில் படைத்தலைவர் இருவர்; அடலரையர், செங்கோடர். செங்கோடரின் தங்கையை மணந்தவர் அடலரையர். அவர் அரைநெல்லிக்காயளவு பெருங்குண்டே குண்டென்பார். மைத்துனரோ சுண்டைக்காயளவு சிறுகுண்டே போதுமென்பார். இவ்வழக்கால் படை இரண்டுபட்டு, சோற்றுப் பந்தியிலும் தனித்தனியே அமர்ந்திருக்கக் கண்டேன்.

மறுநாள் ஆற்றங்கரையில் பலாப்பலகைகளை நாட்டிச் சோதித்தோம். அண்மையில் சிறுகுண்டு கோடு கிழித்தாற்போல் நேரே பாய்ந்தது; வெடிமருந்தும் குறைவு, தோளில் உதைப்பும் குறைவு. "மச்சான், நீர் ஒன்று சுட்டுத் தோளைத் தடவி முடிப்பதற்குள் நான் அடுத்ததைச் சுட்டுவிடுவேன்!" என்று செங்கோடர் நகைத்தார். பலகைகளைத் தொலைவுக்கு நகர்த்தியதும் நகைப்பு இடம் மாறிற்று. கணவாய்க் காற்று சிறுகுண்டை ஒருபக்கம் தள்ளிவிட, தைத்தவையும் வேகமிழந்து மரத்திலேயே தங்கின. பெருங்குண்டோ, சற்று உயர்த்திக் குறிவைக்கவேண்டியிருந்தாலும், காற்றுக்கு அதிகம் வளையாமற் சென்று பலகையைப் பிளந்தது. "மைத்துனரே, உமது குண்டுகள் மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டு வழிமாறிப் போகின்றன போலும்!" என்றார் அடலரையர்.

இவ்வாறு நகையாடிக்கொண்டிருக்கையில், சோதனையின் ஓசையில் தம் துடுப்போசை மறையுமென்று எண்ணிய வேள்நாட்டார், நாணற்காட்டின் மறைவிலிருந்து பலகைக் காப்பிட்ட தோணிகளை நம் மதகை நோக்கிச் செலுத்தினர். மதகு உடைந்தால் கோட்டைக்குக் குடிநீர் இல்லை. மைத்துனர் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினர். மறுகணமே தத்தம் படையைக் கரையில் நிறுத்தினர். தோணிகள் நடுவாற்றில் வருகையிலேயே அடலரையர் பெருங்குண்டால் அவற்றின் காப்புப் பலகைகளையும் அடிமரத்தையும் பிளந்தார். நீர் புகுந்தும் விடாமல் நெருங்கியவர்களைச் செங்கோடரின் படை, துடுப்புப் பிடிக்கக் கையும் நீட்டவொட்டாமல், மாறிமாறிச் சுட்டு அடக்கியது. தோணிகள் கவிழ்ந்தன. நீந்திக் கரையேறியவர்களைப் பிடித்து, உலர்ந்த ஆடையும் சுடுகஞ்சியும் அளித்தோம். காயங்கள் உண்டு, இருபுறமும் உயிர்ச்சேதம் இல்லையென்பதை மகிழ்வுடன் எழுதுகிறேன்.

எக்குண்டு சிறந்ததென்று மைத்துனர் இருவரும் உடனே மறுபடி தொடங்கினர். சுடப்பட்டவரைக் காட்டிலும் நல்ல நடுவர் யாரென்று கருதி, பிடிபட்ட தோணித்தலைவன் காடனை வினவினேன். அவன் விடையை அவன் வாய்மொழியாகவே தருகிறேன்: "பெருசு வந்துச்சுன்னா பலகை போச்சுங்க. சரி, குனிஞ்சாச்சும் துடுப்புப் போடலாம்னு பாத்தா, இந்தச் சிறுசு தலையத் தூக்கவே விடலீங்க. ஏதாவது ஒண்ணுதான் இருந்திருந்தா மதகுக்கு வந்து சேந்திருப்போம். ரெண்டும் சேந்து வந்தா நாங்க என்னங்க பண்றது? இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்துங்க."

கூடியிருந்தோர் யாவரும் நகைத்தனர், மைத்துனர்களும் நகைத்தனர். அன்று படை ஒரே பந்தியில் உண்டது.

காடனையும் தோழர்களையும் தேவியாரின் அருளால் விடுவித்தோம். அவர்கள் தம் பாளையத்தில் என்ன உரைத்தனரோ, அறியோம். அக்கரையில் கூடாரங்கள் பிரிக்கப்படுவதாக இன்று காலை கோட்டையிலிருந்து செய்தி வந்தது.

எனினும் அயர்தல் ஆகாது. ஆதலின் தேவியாரின் ஆணை இது: மதிற்காவலர்க்குச் சிறுகுண்டும், ஆற்றுமுகப்புக் காவலர்க்குப் பெருங்குண்டும் என இருவகையும் சமமாக வார்த்து, கலவாமல் தனித்தனி மூட்டையாக, முதல் மழைக்கு முன் அனுப்புக. எது மேலென்று தங்கள் உலைக்களத்தில் எவரேனும் வழக்கிட்டால், அவரை மூட்டை சுமக்க விடுக.

வேங்கைப்பொறி இலச்சினை இட்டோம். ஆறும் மலையும் உள்ளளவும் இவ்வாணை நிற்க.