மேடம் மேல் பிராது

விருத்தாசலம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

பூங்கோதை எழுதிக்கொள்வது. அத்தை, பாப்பா, நான் மூன்று பேரும் சௌக்கியம். நீங்களும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதைக் காட்ட வேண்டும் என்றே தெருவில் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிகிறாள். பச்சமுத்து அண்ணன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜா திரும்புகிறார். இட்லிப் பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். போனில் நான் எவ்வளவு பேசினாலும் உங்களிடமிருந்து வருவது 'ம்' மட்டும்தான்.

உங்கள் டைல்ஸ் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறார்கள், இந்த மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று போன மாசமே சொன்னீர்கள். நீ என்ன சொல்றே என்றும் கேட்டீர்கள். "உங்க இஷ்டம்" என்றேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கல்லூரியில் என் மானம் போன கதையைக் கேளுங்கள்.

எங்கள் நர்சிங் மாணவிகள் ஊர் ஊராகப் போய்ச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வார்கள் இல்லையா. கூடவே நின்று, அவர்கள் பேசியதில் எது சரி, எது தப்பு என்று சொல்வது என் வேலை. அந்த வேலையை ஆசிரியர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று மாணவிகளையே மதிப்பிடச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வந்தது. பெயர் போட வேண்டாம், பயப்படாமல் எழுதுங்கள் என்றார்கள். எனக்கு எல்லோரும் ஐந்துக்கு ஐந்து. குறைகள் என்ற இடத்தில்கூட 'மேடம் மதியம் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்', 'மேடம் உடம்பைக் கவனிப்பதில்லை' என்றுதான் இருந்தது. முதல்வர் அதை மீட்டிங்கில் வாசித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அல்வாவைச் சாப்பிட்டுக்கொண்டே அத்தை விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். அந்த வாரம் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு, மனக்குறையைச் சீட்டில் எழுதிச் சாமி முன்னால் பிராது கட்டப் போயிருக்கிறார்கள். அங்கே யூனிஃபார்மில் ஒரு கூட்டம், அவர்களும் சாமிக்குப் பிராது எழுதிக்கொண்டு. இந்த வயசில் என்ன குறை என்று அத்தை விசாரித்தால், "எங்க மேடம் மேலதாம்மா பிராது" என்றிருக்கிறார்கள். எந்த மேடம் என்றதற்கு என் பெயர். அத்தை தன்னை யார் என்று காட்டிக்கொள்ளவே இல்லை. பிராது எழுதிப் பழகியவர்கள் ஆயிற்றே, பிள்ளைகள் தடுமாறிய இடத்தில் எடுத்துக் கொடுத்தார்களாம். "எதுனா கேட்டா மூஞ்சிய தூக்கி வச்சிக்குவாங்கன்னு எழுத வுட்டுட்டாங்க, நான்தான் சேக்கச் சொன்னேன்" என்று பெருமை வேறு.

பெயர் போடாத இடத்தில் பொய் எழுதிய பிள்ளைகள், சாமியிடம் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் போட்டு உண்மையை எழுதியிருக்கிறார்கள். நாங்கள் பேசி முடித்ததும் மேடம் 'ம், சரி, அடுத்த ஆள்' என்கிறார். நன்றாகப் பேசினாலும் அதே, உளறினாலும் அதே. பரீட்சையில் மட்டும் மார்க்கைக் குறைக்கிறார். அப்பனே, அவர் வாயைத் திறக்க வை. இதுதான் பிராது.

இரண்டு நாள் நானும் மூஞ்சியைத் தூக்கித்தான் வைத்திருந்தேன். மிச்ச அல்வாவை அத்தைதான் காலி செய்தார்கள். பிறகு வகுப்புக்குப் போய், சாமியிடம் சொன்னதை என்னிடமும் சொல்லுங்கள் என்றேன். ஒருத்தியை ஒருத்தி கிள்ளித் தள்ளிவிட்டார்கள். கடைசியில் கம்மாபுரத்துப் பெண் யுவஸ்ரீ எழுந்தாள்.

"மேடம், சர்க்கரை இருக்கறவங்க காலை வெந்நீர்ல ஊற வைக்கணும்னு மூணு ஊர்ல சொன்னேன். மூணு ஊர்லயும் நீங்க சரின்னீங்க. பரீட்சையில அதுக்குத்தான் எனக்கு மார்க்கு போச்சு. ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு அது தப்புன்னு இன்னும் யாரும் சொல்லல மேடம்."

சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்திருக்கும், சூடு தெரியாமல் வெந்துபோகும். அவள் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன், காதில் வாங்கவில்லை. வெட்கமாக இருந்தது மாமா. மறுநாளே எல்லோரையும் கூட்டிக்கொண்டு மூன்று ஊருக்கும் போனேன். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பெரியவர், "போன மாசம் வெந்நீருன்னீங்க, இந்த மாசம் வேணாங்கறீங்க, நீங்க ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் நான் காலே கழுவல" என்றார். நல்லவேளை, யாருக்கும் புண்ணாகவில்லை. தினம் வெந்நீர் போட அங்கே யாருக்கும் நேரமில்லை.

அதிலிருந்து ஒவ்வொருத்தி பேசி முடித்ததும் அங்கேயே உட்கார வைத்துச் சொல்கிறேன். முதலில் பாராட்டு, பிறகு திருத்தம் என்று ஒரு பயிற்சியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாளில், 'உன் குரல் கணீர்னு இருக்கு' என்று நான் ஆரம்பித்தாலே, அடுத்துத் திருத்தம் வருகிறது என்று பிள்ளைகள் கண் கலங்கினார்கள். மறுபடி கருத்துக் கேட்டேன். பாராட்டு வேண்டாம், தப்பை நேராகச் சொல்லுங்கள், உடனே திருத்திப் பேசிக் காட்டுகிறோம் என்றார்கள். இப்போது அப்படித்தான் நடக்கிறது. நேற்று யுவஸ்ரீ பேசியதைக் கேட்டு நானே கை தட்டிவிட்டேன். அதற்கும் அழுதாள்.

குறை தீர்ந்துவிட்டது என்று பிராதைத் திரும்ப வாங்க இன்று அரை நாள் லீவு கேட்டார்கள், கொடுத்தேன். அத்தையும் கூடப் போனார்கள். அந்த மூஞ்சி வரியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருப்பார்கள்.

திரும்பி வந்த பிறகுதான் அத்தை, அன்று தான் கட்டிய பிராது என்ன என்று சொன்னார்கள். மகன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஊர் வந்து சேர வேண்டுமாம். போனில் உங்களிடம் 'நல்லாருப்பா' என்று சொல்லிவிட்டு, சாமியிடம் போய் அழுதிருக்கிறார்கள்.

எனக்கும் அதே பிராதுதான் மாமா. ஆனால் நான் கோயிலுக்குப் போகவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை என்பதால் இப்போதே உங்களிடம் சொல்கிறேன். உங்கள் இஷ்டம் என்று நான் சொன்னது பொய். எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. இங்கேயும் செராமிக் கம்பெனியில் சூளை வேலை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். சம்பளம் குறைவுதான், பார்த்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

உங்களை எந்தக் குறையும் இல்லாமல் கொளஞ்சியப்பர் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
பூங்கோதை