அந்தச் சிவப்பு

ஐப்பசி, புதன்கிழமை. மழை.

எங்கள் ஆபீஸில் சோதனை சர்வரும் வாடிக்கையாளர்களின் நிஜ சர்வரும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். போன மாதம், கூட வேலை பார்க்கும் செல்வின் சோதனை என்று நினைத்து நிஜத்தில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டான். அதனால் நிஜ சர்வரில் கட்டளை தட்டும் வரியின் தொடக்கத்தைச் சிவப்பாக்கினேன். அன்றிலிருந்து நீளமான கட்டளை அடித்தால் எழுத்துகள் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் மேலேயே விழுந்தன.

"கலரை எடுத்துரும்மா, பழையபடியே இருக்கட்டும்" என்றார் முதலாளி அண்ணாச்சி. நான் எடுக்கவில்லை.

இன்று மதியம் காரணம் பிடிபட்டது. நிறத்துக்கான குறியீடு திரையில் தெரியாது. ஆனால் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ஷெல் அதையும் எழுத்தாக எண்ணி, வரியின் நீளத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறது. எண்ணாதே என்று சொல்லும் அடைப்புக்குறிகளை அதன் இருபுறமும் போட்டேன். வரி ஒழுங்காக மடங்கியது.

சாயங்காலம் செல்வின் வந்து நின்றான். "சோதனைன்னு நெனச்சு அழிக்கதுக்குக் கட்டளையெல்லாம் அடிச்சிட்டேன்க்கா. எண்டர் தட்டப் போகையில சிவப்பைப் பாத்தேன். கையை எடுத்துட்டேன்."

அண்ணாச்சி காதிலும் விழுந்திருக்கிறது. கிளம்பும்போது, "அந்தச் சிவப்பை எல்லா மிசின்லயும் போட்டுரும்மா" என்றார்.

எல்லாவற்றிலும் போட்டால் பிறகு சிவப்பு எதற்கு? அதைக் காலையில் பைய சொல்லிக்கொள்ளலாம். இன்று சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கினேன்.