துரைக்குத் துணை தேடிய வாரம்

அக்கா,

இன்று காலை சாலையோரம் ஒரு டெம்போவிலிருந்து குதிரைமசால் தீவனப்புல் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அறுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அவனுக்கு என்ன தெரியும், எனக்கு அது உங்கள் முந்தானையின் வாசனை என்று.

நான் ஓசூருக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமான கையோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினேன். இவருக்கு மாட்டுப்பண்ணை ஆபீசில் கிளார்க் வேலை. வரிசையாக இருந்த குவார்ட்டர்ஸில் அடுத்த வீடு உங்களுடையது. நீங்கள் உங்கள் அம்மாவோடு தெலுங்கு பேசுவீர்கள், பால்காரரோடு கன்னடம், என்னோடு தமிழ். அந்தத் தமிழே எனக்குப் பாதிதான் புரிந்தது. காலையில் இவர் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை நான் வாய் திறக்காமல் இருந்த நாட்கள் அவை. யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொன்னதில்லை.

கல்யாணமான இரண்டே வருடத்தில் உங்கள் கணவர் போய்விட, அவர் வேலை பார்த்த அதே பண்ணையிலேயே உங்களுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பரிசோதனைக் கூடத்தைப் பெருக்குவது, அங்கே வளர்த்த சீமை எலிகளுக்குத் தீனி வைப்பது. கினிப்பன்றி என்று இப்போது சொல்கிறார்கள். முயலைவிடச் சின்னது, வால் கிடையாது, ஆளைக் கண்டால் விசில் அடிப்பது போலக் கத்தும். ஒருநாள் அந்தக் கூடத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கூண்டு கூண்டாக எல்லாம் லாரியில் ஏறின. காதில் சீழ் வைத்திருந்த ஒன்றை மட்டும் விட்டுப் போனார்கள். பழுப்பும் வெள்ளையுமாக, மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். துரை என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

காது ஆறியது. ஆனால் துரை சாப்பிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. பெட்டியின் மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான். "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. இப்படியே இருந்தா தாங்காது. ஒரு வாரம் பார்க்கலாம், அப்புறம் ஊசி போட்டுடறேன். அவஸ்தைப்பட விட வேணாம்" என்றார்.

அவர் தலை மறைந்ததும் நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இது ஒண்டியா இருக்கற ஜாதி இல்ல சரோஜா. பத்து பேரோட உரசிக்கினே வளந்தது. பசி இல்லாம இல்ல. கூட யாருமில்லாம துன்ன மாட்டேங்குது. ஊசியாமே ஊசி! ஒரு வாரம் இருக்குதில்ல?"

மறுநாளே தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவரிடம் ஒரு முயலை வாங்கி வந்தீர்கள். இரண்டும் புல் தின்பவைதானே என்று எனக்கும் நம்பிக்கையாக இருந்தது. முயல் பின்னங்காலால் உதைத்த உதையில் துரையின் மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. முயலைக் கடைசி வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தீர்கள். சமைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தீர்கள்.

இன்னொரு சீமை எலி கேட்டு ஊரெல்லாம் அலைந்ததில் மூன்று நாள் போனது. ஐந்தாம் நாள் காலை என் வாசலில் வந்து நின்றீர்கள்.

"கெளம்பு. பெங்களூர் போறோம்."

"நானா? நான் எதுக்குக்கா?"

"எனக்குக் கூட ஒரு ஆள் வேணும்."

இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "சார், வீட்டம்மாவ கூட்டிக்கினு போறேன். சாயங்கால பஸ்ஸுக்கு வந்துடுவோம்" என்றீர்கள். அனுமதி கேட்ட மாதிரியே இல்லை. அவரும் தலையாட்டிவிட்டார்.

அங்கே மார்க்கெட்டில் கோழியும் புறாவும் விற்கிற வரிசையில் ஒருவன் சீமை எலி வைத்திருந்தான். "ஹெண்ணு, ஹெண்ணு" என்று, பெட்டைதான் என்று, தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நீங்களும் தூக்கிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியில் விட்டதும் துரைக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. பல்லை நறநறவென்று கடித்தது. புதிதாக வந்ததும் கடித்தது. அடுத்த கணம் இரண்டும் உருண்டன. நடுவில் கையை விட்டுப் பிரித்தீர்கள், உங்கள் கட்டைவிரல் கிழிந்தது. மருந்து போட வந்த டாக்டர் புதியதைத் திருப்பிப் பார்த்து, "ரெண்டும் கடாம்மா" என்றார்.

"தப்பு என்னுது. அவசரத்துல பாக்காம வாங்கிட்டேன்" என்றீர்கள். நான் பார்த்து நீங்கள் சோர்ந்துபோய் உட்கார்ந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். இரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது. துரையைத் தூக்கினால் எலும்பு கையில் தட்டுப்பட்டது.

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். "நாமளே பாத்துப் பாத்துக் கொண்டாந்து விடுதோம். துரையையே கூட்டிக்கிட்டுப் போனா என்னக்கா? புடிக்கா, புடிக்கலையான்னு அதுவே சொல்லட்டும்."

என்னை உற்றுப் பார்த்தீர்கள். "இத்தினி நாளா வாயே தொறக்கல. தொறந்ததும் சரியா பேசறியே!"

மறுநாள் ஒரு கூடையில் துரை, இன்னொன்றில் அந்தக் கடா என்று இரண்டு கூடைகளோடு பஸ் ஏறினோம். கடைக்காரன் எங்களைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நீங்கள் விடவில்லை. கட்டுப்போட்ட விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக் கன்னடத்தில் பொழிந்தீர்கள். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அவனே ஒரு காலிப் பெட்டியைக் கழுவிக் கொடுத்தான். அதில் நீங்கள் எப்போதும் போல முந்தானையில் முடிந்து வந்த குதிரைமசாலைப் பரப்பித் துரையை விட்டோம். முதல் பெட்டையைக் கண்டதும் துரை மூலைக்குப் போய்விட்டது. இரண்டாவது துரையைத் துரத்தித் துரத்தி விரட்டியது.

"அது?" என்று கேட்டீர்கள். பின்னால் தனிக் கூண்டில் ஒன்று இருந்தது. கிழடு, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. யாரும் வாங்கவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தான். தூக்கி, இந்த முறை திருப்பிப் பார்த்து, பெட்டியில் விட்டீர்கள். அது துரையைச் சட்டை செய்யவே இல்லை. நேராகப் புல்லுக்குப் போய்த் தின்ன ஆரம்பித்தது. துரை பார்த்துக்கொண்டே இருந்தது. மெதுவாக நகர்ந்து வந்தது. தொண்டைக்குள் குர்ர்ரென்று ஒரு சத்தம். பிறகு கிழவி தின்றுகொண்டிருந்த அதே தண்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கடித்தது.

என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள், அதே கிழிந்த விரலோடு. வலித்திருக்கும். போன முறை கொடுத்த கடாவை வாங்கிக்கொண்டு கடைக்காரன் கிழவியைக் கொடுத்தான்.

திரும்பும்போது எல்லையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். நம் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம். அப்போது மைசூர் மாநிலம் என்றிருந்த கர்நாடகப் பக்கத்திலிருந்து வரும் பையையெல்லாம் போலீஸ் சோதிக்கும்.

"கூடையில என்னம்மா?"

"பொண்ணும் மாப்பிள்ளையும் சார்" என்றீர்கள்.

அவர் முறைத்துக்கொண்டே மூடியைத் தூக்கினார். துரை உச்சக் குரலில் ஒரு விசில் அடித்தது. போலீஸ்காரர் பின்னால் துள்ளியதில் தொப்பி விழுந்தது. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரை. அந்த ஊருக்கு வந்து நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். நீங்கள் துரையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

சொன்ன நாளில் டாக்டர் ஊசிப் பெட்டியோடு வந்தார். துரையின் பெட்டிக்குள் இரண்டும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு முள்ளங்கிக் கீரையைக் காலி செய்துகொண்டிருந்தன. "இதுக்கா ஊசி? மறுவீட்டு விருந்து மாதிரியில்ல திங்குது!" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருடத்துக்கு மேல் அவை சேர்ந்து இருந்தன. குட்டி போடவில்லையே என்று யாரோ கேட்டபோது, "தொணைக்குத்தான் கூட்டியாந்தேன், குட்டிக்கா?" என்றீர்கள். எல்லோரும் என்னை இன்னும் விசேஷம் இல்லையா என்று ஜாடையாகக் கேட்டுக்கொண்டிருந்த வருடம் அது. கேட்டவர் அதன் பிறகு என்னிடமும் கேட்கவில்லை.

பிறகு இவருக்குச் சேலத்துக்கு மாற்றலானது. பிள்ளைகள், வீடு என்று கடிதங்கள் குறைந்தன. நீங்கள் போன செய்தி ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. வந்து உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது இன்னும் ஆறவில்லை அக்கா.

போன வருடம் இவரும் போய்விட்டார். மகன் என்னைத் தன்னோடு ஓசூருக்கே அழைத்து வந்தான். இப்போது ஊர் முழுக்கக் கம்பெனிகள், அடுக்குமாடிகள். வந்த புதிதில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகன் டாக்டரிடம் காட்டினான், சத்து மாத்திரை கொடுத்தார்கள். சில நாள் பார்த்துவிட்டு நானே எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனேன். கீழ் வீட்டு அம்மாள் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். அதற்காக நான் நிற்கவில்லை, மேலே ஏறினேன். மூன்றாம் மாடியில் ஓர் ஒடிசாக்கார அம்மாள். மகனுக்கு இங்கே பாக்டரி வேலை. பகலெல்லாம் தனியாக இருக்கிறார். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் பதினொரு மணிக்கு அவர் காய்கறித் தட்டோடு வந்துவிடுகிறார். நறுக்குகிறோம், கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம்.

நேற்று என் புளிக்குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நான் விடுவதாக இல்லை. நாளைக்குப் பருப்பு வைத்துப் பார்க்கப் போகிறேன்.

உங்கள் சரோஜா