மையித்து இல்லாத தொழுகை

12.11.1981, வியாழன்

இறையியல் என்றால் என்ன படிப்பு என்று அறபுக் கல்லூரி மௌலவியிடம் பத்திரிகைக்காகப் பேட்டி கண்டுகொண்டிருந்தேன். "அல்லாஹ்வைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது எண்டு அறியிறது" என்றார்.

அப்போது என் தங்கை வந்தாள். மீன்படகில் கடலுக்குப் போன அவள் மாப்பிள்ளை பல வாரமாகியும் இன்னும் திரும்பவில்லை. நாளை வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, உடல் கிடைக்காததால் மையித்து இல்லாமலே, இறந்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகையை அவருக்கு நடத்த மௌலவி ஒப்புக்கொண்டிருந்தார்.

"நீங்க தொழுதா நான் விதவையா நாலு மாசமும் பத்து நாளும் இத்தாவில வீட்டுக்குள்ளயே இருக்கணும். அவர் மௌத்தாகிட்டார் எண்டு அல்லாஹ் உங்களுக்கிட்டயா சொன்னான்?" அண்ணனான என் பக்கம் திரும்பினாள். "காக்கா, இதையும் எழுதிக்கோங்க!"

மௌலவி விரித்து வைத்திருந்த கிதாபை மூடினார். "இல்ல தங்கச்சி. எனக்குத் தெரியா."

தொழுகையை நிறுத்துவதாகவும் சொல்லவில்லை.

படகுச் செய்தியை நான் இன்னும் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. இறந்தார் என்று எழுதினால் என் முகத்தில் விழிக்கமாட்டாள். காணவில்லை என்று எழுதினால் கடற்கரையை விட்டு வரமாட்டாள்.