வேல்குமார் பேரைக் கூப்பிட்டபோது

ஆகஸ்ட் 2
எழுத்தறியாதவன் நான். பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் சாரதாமணி பழக்கிவிட்டாள்.

இன்று முன்னாள் ராணுவத்தார் சங்கத்துக்குப் போனேன். சுதந்திர தினத்தன்று படைவீரர் நினைவுக்கல் முன் நின்று, அதில் வெட்டியிருக்கிற செத்தவர்கள் பேரைக் கூப்பிடுவார்கள். வீட்டார் "ஆஜர்" என்பார்கள். என் மகன் வேல்குமாரையும் கூப்பிடச் சொன்னேன். சாரதாமணியின் புருஷன். கடலோரக் காவல் படைக்காரன். இரண்டு வருஷம் முன்பு, புயலில் மீன்படகுக்காரர்களை மீட்கப் போனான். திரும்பவில்லை; உடலும் கிடைக்கவில்லை.

தலைவர் மயில்சாமி, "அது மிலிட்டரில சேத்தி இல்லீங்கண்ணா. தரை, கப்பல், விமானம், மூணுதான்" என்றார். பின்னாலிருந்து ஒருத்தன், "படகு வாட்ச்மேனுங்க" என்று சிரித்தான்.

வாட்ச்மேனா? எம்பையனா?

ஆகஸ்ட் 5
குழாய்த் தண்ணீர் உப்பு. சாயப்பட்டறை ஊரில் உப்பு புதிதா? ஆனால் இது கடல்தண்ணீர் மாதிரி ஜில்லென்று, மீன் வாடையோடு. பக்கத்து வீட்டில் அப்படி இல்லையாம்.

ஆகஸ்ட் 9
சாரதாமணி பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மயில்சாமியிடம் போனாள். "சட்டத்துலயே ஆயுதப் படைன்னுதானுங்க இருக்குது. அவரு போட்டதும் யூனிபார்ம்தானுங்களே?" என்று கேட்டாளாம். அவர் பட்டியலை எடுத்து, அடியில் பேரை எழுதினாராம். பிறகு, "செரி கண்ணு, கூப்பிடறேன். கல்லுலயும் வெட்டிருவோம்."

வீட்டுக்கு வந்து அழுதாள். இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் அழுகை.

ஆகஸ்ட் 12
"ஆஜர்" சொல்லிப் பழகுகிறேன். பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

ஆகஸ்ட் 15
எல்லாப் பேருக்கும் அடுத்து, கடைசியாக, "நாச்சிமுத்து மகன் வேல்குமார்" என்றார் மயில்சாமி.

நான் வாயைத் திறக்குமுன் பதில் வந்துவிட்டது. "ஆஜருங்க!"

ஆள் இல்லாத ரோட்டுப் பக்கமிருந்து. ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதுபோல.

அத்தனை பேரும் திரும்பினார்கள். வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. மயில்சாமி காகிதத்தை மடித்து வைத்தார்.

ஆகஸ்ட் 16
நான்தான் சொன்னேனோ? சாரதாமணியைக் கேட்டேன்.
"உங்க குரலில்லீங்க மாமா."

ஆகஸ்ட் 19
பேரை எப்படி வெட்டுவதென்று கேட்க, கல் கொத்துகிறவரை மயில்சாமி வீட்டுக்குக் கூட்டி வந்தார். சாரதாமணி வாசலிலேயே நிறுத்தினாள்.

"வேண்டாமுங்க. ஆஜர்னு சொன்னவரைச் செத்தவங்களோட எப்படீங்க வெட்டறது?"

மயில்சாமி என்னைப் பார்த்தார். பேரைக் கூப்பிடச் சொல்லி முதலில் போய் நின்றவன் நான். "அவ சொல்றதுதானுங்க சரி" என்றேன்.

மத்தியானம் மூன்று தட்டு வைத்தாள். நான் கொஞ்சம் தள்ளி, இடம் விட்டு உட்கார்ந்தேன்.